அண்ணன் சிறுநீரகம் ஏன் பொருந்தவில்லை? திசுப் பொருத்தம் பற்றிய வாசகர் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே 'ஓ' இரத்தப் பிரிவு. ஆனாலும் அவருடைய திசு சற்றும் பொருந்தவில்லை என்கிறார்கள். கூடப் பிறந்தவர் எப்படிப் பொருந்தாமல் போவார்?

இரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது, எச்.எல்.ஏ எனப்படும் திசு அடையாளங்களுக்கான மரபணுக்களோ 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எனவே ஒன்று ஒத்துப்போவதால் மற்றொன்றும் ஒத்துப்போக வேண்டியதில்லை. எச்.எல்.ஏ மரபணுக்கள் நெருக்கமாக அமைந்திருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாகவே பிள்ளைக்கு இறங்குகின்றன. அப்பாவிடம் இரண்டு கட்டுகள், அம்மாவிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. இதனால் உடன்பிறந்த ஒருவர் உங்களோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, பாதி பொருந்தும் வாய்ப்பு நான்கில் இரண்டு, எதுவுமே பொருந்தாத வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு பேர் கூடப் பிறந்திருந்தாலும் அவர்களில் ஒருவராவது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடுதான்.

"சொந்த இரத்தமே ஒதுங்கிவிட்டதே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் ஒதுங்கவில்லை. கருவில் கட்டுகள் பிரிந்த விதம் அது. மேலும், இன்றைய மருந்துகளோடு திசு பொருந்தாத சிறுநீரகமும் பல ஆண்டுகள் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் இரத்தம் அவருடைய செல்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையில் தடை இல்லையென்றால் அவரே உங்களுக்குக் கொடையாளராகக்கூடும். மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள்.

என் அப்பா பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டியவர். ஒரு மரத்தின் மொட்டு இன்னொன்றில் பிடித்துக்கொள்கிறது. மனிதருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

அழகான கேள்வி. விதைக்கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற தேர்ந்த பால்மர வகையின் மொட்டை உள்ளே வைத்துக் கட்டி, சுமார் மூன்று வாரம் கழித்து அவிழ்த்து நகத்தால் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். மரத்துக்கும் கிருமிகளை எதிர்க்கும் திறன் உண்டு. ஆனால் உடல் முழுதும் சுற்றிவந்து, அந்நியரை அடையாளம் கண்டு, நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் அதற்கு இல்லை. நமக்கு உண்டு. வைரஸ் புகுந்த செல்லை வெள்ளணுவுக்குக் காட்டிக்கொடுப்பதே எச்.எல்.ஏ-வின் உண்மையான வேலை. நம்மைக் காக்கும் அதே அமைப்புதான் பிறர் சிறுநீரகத்தையும் அந்நியமாகக் காண்கிறது.

நான்கு பிள்ளைகள் பெற்றவள் நான். கணவர் சிறுநீரகம் தர முன்வந்தார். இரத்தப் பிரிவு சரி, ஆனால் கிராஸ்மேட்ச் 'பாசிட்டிவ்' என்று நிறுத்திவிட்டார்கள். ஏன், ஐயா?

அம்மா, உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கணவரின் எச்.எல்.ஏ கட்டு ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் குழந்தையின் செல்கள் சில தாயின் இரத்தத்தில் கலக்கும்போது, தாயின் உடல் அந்த அந்நிய அடையாளத்துக்கு எதிராக ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிடக்கூடும். அது யாருடைய குற்றமும் அன்று. கருச்சிதைவும், முன்பு ஏற்றிய இரத்தமும் இதே விளைவைத் தரலாம். நம் பெண்கள் பலர் கருச்சிதைவைச் சொல்லத் தயங்குகிறார்கள்; தயவுசெய்து மருத்துவக் குழுவிடம் ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

சோதனையைப் பழைய முறைப்படி விளக்குகிறேன். ஒரு சிறு தட்டின் குழியில் உங்கள் சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், ஒரு மைக்ரோலிட்டர் அளவு விடப்படும். அதில் கணவரின் வெள்ளணுக்களும், பிறகு காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதியும், இறுதியில் சாயமும் சேரும். நுண்ணோக்கியில் உயிருள்ள செல்கள் மணிபோல் ஒளிரும். ஆன்டிபாடி கொன்ற செல்கள் சாயமேறி உப்பிக் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பைப் பல ஆண்டுகள் கண்ணால் எண்ணியவன் நான். அதே ஆன்டிபாடி புதிய சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களில் பாய்ந்தால் அங்கே இரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ உறுப்பு அழிந்துவிடும். படேல், தெராசாக்கி இருவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், 'பாசிட்டிவ்' வந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. 'நெகட்டிவ்' வந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆயிற்று. உங்களை நிறுத்திவைத்தது சரியான முடிவு. ஆன்டிபாடியைக் குறைக்கும் சிகிச்சை உண்டு. அந்த ஆன்டிபாடி தாக்காத வேறு கொடையாளரும் கிடைக்கலாம். இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

மாற்றுச் சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் சரியாக உள்ளது. புதிய சிறுநீரகத்தை உடல் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை நிறுத்தலாமா? தம்புன் பம்ப்ளிமாஸ் சாப்பிடலாமா?

நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்தின் செல்கள் ஆறு ஆண்டுகள் கழிந்தும் கொடுத்தவருடைய அடையாளத்தையே சுமக்கின்றன; வெள்ளணுக்கள் அதை மறப்பதில்லை. கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே உள்ளே சேதம் தொடங்கியிருக்கலாம். உங்கள் மருத்துவர் குறித்த நேரத்தில் நாள்தோறும் விழுங்குங்கள்.

பம்ப்ளிமாஸையும் தவிர்த்துவிடுங்கள். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் குடல் நொதியை அப்பழத்திலுள்ள பொருள்கள் முடக்குவதால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரும். உயர்ந்தால் கைநடுக்கம் வரும், சிறுநீரகமே பாதிக்கப்படும். உறவினர் வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனை வரை காத்திராமல் இன்றே கிளினிக்கிற்குத் தெரிவியுங்கள்.