பீன்ஸை மேம்படுத்த அதன் உறவுச் செடிகள் எப்படி உதவுகின்றன?

உறவுச் செடியின் நல்ல குணத்தை பீன்ஸுக்குக் கொண்டுவர மரபணுவை வெட்டி ஒட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. உறவுச் செடி என்றால் மகரந்தச் சேர்க்கை மூலமே கொண்டுவரலாம், கொஞ்சம் ஆய்வக உதவியும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

நாம் பொரியல் செய்யும் பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே இனம். இரவு வெப்பம் தொடர்ந்து 20 டிகிரிக்கு மேல் இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ உதிர்ந்து, காய் பிடிக்காமல் போகும். இதன் உறவுக்காரச் செடி டெப்பாரி. மெக்சிகோ, அமெரிக்க எல்லையிலுள்ள சொனோரா பாலைவனத்தில் பழங்குடி மக்கள் காலங்காலமாக வளர்த்த பயறு. வெயில், வறட்சி இரண்டையும் தாங்கும்.

சரி, இரண்டையும் கலந்தால்? கரு உருவாகும், ஆனால் பெரும்பாலும் காய்க்குள்ளேயே செத்துவிடும். அதனால் பிஞ்சைப் பிளந்து, முதிராத கருவை நுண்ணோக்கியின் கீழ் எடுத்து, சத்துக்கூழில் வளர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். முளைத்து வரும் கலப்புச் செடி பெரும்பாலும் மலடு என்பதால், அதை மறுபடி மறுபடி பீன்ஸோடு கலக்க வேண்டும்.

அப்படி வந்த வெப்பம் தாங்கும் ரகங்களை கொலம்பியாவின் சியாட் ஆய்வு மையம் 2015-இல் அறிவித்தது. பாக்டீரியா கருகல் நோய்க்கான எதிர்ப்பும் டெப்பாரியிலிருந்தே வந்தது. அந்த எதிர்ப்பு மரபணுவின் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏ அடையாளத்தை நாற்றின் இலைத்துண்டிலேயே பார்த்துவிடலாம். எந்தச் செடிக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது என்று அறிய, நோய் வரும்வரை வயலில் காத்திருக்க வேண்டாம். டெப்பாரியின் முழு மரபணுத் தொகுப்பும் 2021-இல் வெளியானது. அப்புறம் இப்படிப்பட்ட நல்ல மரபணுக்களைத் தேடுவது இன்னும் எளிதாகிவிட்டது.