கண்ணாடிப் பூட்டு திறக்கிறது, பித்தளைப் பூட்டு ஏன் அசையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 24. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லில் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன் இணையத்தில் ஒரு கண்ணாடிப் பூட்டும், அதைத் திறந்து பழக 15 கம்பிகள் கொண்ட ஒரு செட்டும் வாங்கினேன். அந்தப் பூட்டை இப்போது 10 வினாடியில் திறந்துவிடுகிறேன். ஆனால் வீட்டு கேட்டில் தொங்கும் பித்தளைப் பூட்டை மூன்று வாரமாக முயன்றும் திறக்க முடியவில்லை. சில சமயம் லேசாகத் திரும்பி, அப்படியே நின்றுவிடுகிறது. விலை கூடின செட் வாங்கினால் சரியாகுமா? அம்மா (ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர்) வேறு, "அக்கம்பக்கத்துல என்னடா நினைப்பாங்க" என்று திட்டுகிறார்.

பதில்: செட் வாங்க வேண்டாம், தம்பி. அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. 'லேசாகத் திரும்பி நின்றுவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்கால்வாசி தூரம் வந்துவிட்டு வழி தெரியாமல் நிற்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், கேட் பூட்டில் பழகுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு விதிகளைச் சொல்வார்கள். அடுத்தவர் பூட்டைத் தொடாதே. உன் பூட்டே ஆனாலும் அன்றாடம் நம்பியிருக்கிற பூட்டைத் தொடாதே. இரண்டாவதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சாவிக்கடை போட்ட புதிதில் ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அந்த ஷட்டர் பூட்டையே நோண்டிப் பார்த்தேன். கம்பியின் நுனி ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. சாவி நுழையவில்லை. என் ரம்பமோ கடைக்குள்ளே. பக்கத்து மோட்டார் பட்டறையில் இரும்பு ரம்பம் இரவல் வாங்கி, மழையில் நின்று வளையத்தை அறுத்தேன். எதிர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சரி, கண்ணாடிப் பூட்டு. கண்ணாடி என்கிறோமே தவிர அது அக்ரிலிக் பிளாஸ்டிக். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே ஒரு கூடு, அதற்குள் சுற்றுகிற ஓர் உருளை. இரண்டையும் ஊடுருவிப் போகும் துளைகளில் ஜோடி ஜோடியாகப் பின்கள். கீழ்ப் பின் சாவியைத் தொடும், மேல் பின் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் மேலே ஸ்பிரிங். மேல் பின் பாதி உருளைக்குள்ளும் பாதி கூட்டுக்குள்ளும் நிற்பதால் உருளை சுற்றாது. சரியான சாவி நுழைந்தால், ஒவ்வொரு ஜோடியும் பிரிகிற இடம் உருளையும் கூடும் சந்திக்கிற கோட்டுக்கு நேராக வந்து நிற்கும். உருளை சுற்றிவிடும். பழைய எகிப்தியர்களின் மரப் பூட்டிலும் இதே யோசனைதான். அமெரிக்காவின் லைனஸ் யேல் (அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், இவர் மகன்) 1861-இல் காப்புரிமை வாங்கிய பூட்டுதான் உங்கள் கேட்டில் தொங்குவதற்குப் பாட்டன்.

சாவி இல்லாமல் இது திறப்பதற்குக் காரணம், துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இல்லாததுதான். எந்த இயந்திரமும் மயிரிழை பிசகாமல் துளைப்பதில்லை. சாவித்துளையின் ஓரத்தில் செருகி உருளையைத் திருப்புகிற வளைந்த கம்பிக்கு டென்ஷன் கம்பி என்று பெயர். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். இன்னொரு கம்பியை உள்ளே விட்டு அந்தப் பின்னைத் தேடிப் பிடித்து மெல்ல உயர்த்தினால், மேல் பின் கோட்டைத் தாண்டியதும் உருளை இம்மியளவு திரும்பி அதை மேலேயே நிறுத்திவிடும். அப்புறம் இன்னொன்று இறுகும். மூன்றாவது, முதலாவது, ஐந்தாவது என்று எந்த வரிசையிலும் வரலாம்.

கண்ணாடிப் பூட்டு உங்களை ஏமாற்றியது இங்கேதான். அதன் துளைகள் தாராளமாக இருக்கும், பின்கள் ஆடிக்கொண்டிருக்கும், கொஞ்சம் கூடக் குறைய உயர்த்தினாலும் மன்னித்துவிடும். சாவித்துளையும் அகலமாக, நேராக இருக்கும். பித்தளையில் பின் உட்காரும்போது விரலில் தெறிக்கும் அந்த 'டிக்' பிளாஸ்டிக்கில் மொத்தையாகத்தான் வரும். அதைவிடப் பெரிய சங்கடம், எந்தப் பின் எவ்வளவு ஏறியது என்று கண்ணே சொல்லிவிடுகிறது. மூன்று மாதமாக உங்கள் கண் பழகியிருக்கிறது, கை வேடிக்கை பார்த்திருக்கிறது. போதாததற்கு, ஒரே பூட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து அதன் வரிசையும் மனப்பாடம் ஆகியிருக்கும். என்னைக் கேட்டால் கண்ணாடிப் பூட்டு ஒரு நாள் சாமான். உள்ளே என்ன நடக்கிறது என்று மனத்தில் படம் விழுந்துவிட்டால் அதைத் துண்டால் மூடிவிட வேண்டும்.

கையை எப்படிப் பழக்குவது என்று உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவர். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு முண்டு விழும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. நெற்றி விளக்கு மரத்தைக் காட்டும், பட்டைக்குள் கத்தி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காட்டாது. அதை மணிக்கட்டுதான் சொல்லும்.

உங்களுக்கு அந்த மணிக்கட்டு டென்ஷன் பிடிக்கிற கையில் வேண்டும். எல்லாரும் உள்ளே விடுகிற கம்பியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கடையில் உட்கார்ந்து பழகிய பையன்கள் பெரும்பாலும் மற்றக் கையால்தான் கோட்டைவிட்டார்கள். மில்லில் போல்ட் முடுக்குகிற கைக்கு இது இன்னும் கஷ்டம். அளவு தெரிய ஒரு வழி: டென்ஷன் கம்பியின் மேல் விரல் நுனியை வைத்துவிட்டு நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்தால் அதிகம். விரலின் பாரத்துக்கு மேல் ஓர் இழை போதும். அதிகமாக அழுத்தினால் எல்லாப் பின்னும் சேர்ந்து இறுகிவிடும், எது முதல் என்று தெரியாது. அந்த அழுத்தத்தில் கம்பியால் நெம்பினால் கீழ்ப் பின்னும் கோட்டைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் முழுக்கத் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தளர்த்தும்போதும் சட்டென்று கையை எடுக்காதீர்கள். பூட்டைக் காதோரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பின்கள் ஒவ்வொன்றாக விழுவது கேட்கும். மூன்று சத்தம் கேட்டால் மூன்றை ஏற்றியிருந்தீர்கள் என்று கணக்கு.

இப்போது அந்த 'லேசாகத் திரும்பி' சமாசாரம். பல பித்தளைப் பூட்டுகளில் மேல் பின்கள் சில நேராக இருக்காது. நடுவில் ஒடுங்கி, தையல் மெஷின் நூல்கட்டை மாதிரி இருக்கும். அந்த ஒடுங்கிய இடுப்பு கோட்டுக்கு வந்ததும் உருளைக்குத் திரும்பக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. திறந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். ஆனால் நூல்கட்டையின் கீழ் விளிம்பு இன்னும் உருளைக்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பூட்டில் பெரும்பாலும் நேர்ப் பின்களையே போடுகிறார்கள், அதனால் அங்கே இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த இடத்தில் நீங்கள் இன்னும் பலமாகத் திருப்பியிருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். திருப்பத் திருப்ப விளிம்பு இறுகும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். எதை உயர்த்தும்போது டென்ஷன் கம்பி உங்கள் விரலை எதிர்த்துத் தள்ளுகிறதோ, அதுதான் நூல்கட்டை. விரலைத் தளர்த்தி உருளையைக் கொஞ்சம் பின்னால் போகவிட்டு, அந்தப் பின்னை ஏற்றுங்கள். இதற்குள் முன்பு ஏற்றிய ஒன்றிரண்டு விழுந்துவிடும். விழட்டும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பழகுவதற்கு, செட்டுக்கு வைத்திருந்த காசில் ஹார்ட்வேர் கடையில் பிரித்து மாட்டக்கூடிய கதவுப் பூட்டு உருளை ஒன்றை வாங்குங்கள். சுளகில் வெள்ளைத் துண்டை விரித்து, அதற்கு மேல் வைத்துப் பிரியுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை அதே பருமன் உள்ள ஒரு மரக்குச்சியால் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். குச்சி உருளையை ஒட்டியே போகட்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஸ்பிரிங்குகள் பறந்துவிடும், அப்புறம் அலமாரிக்கு அடியில் தேட வேண்டியதுதான். ஒரே ஒரு ஜோடிப் பின்னை மட்டும் விட்டுவிட்டு மூடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே, பூட்டைப் பார்க்காமல், அந்த ஒரு பின்னைத் திறங்கள். அது சலித்தபின் இரண்டு, அப்புறம் மூன்று.

கம்பிகளில் 15-உம் வேண்டாம். நுனி லேசாக வளைந்த கொக்கிகள் இரண்டு, டென்ஷன் கம்பி இரண்டு போதும். அலை அலையாக இருப்பவற்றை வைத்துச் சுரண்டினால் சில பூட்டு திறக்கும், ஆனால் கைக்கு ஒன்றும் வராது. மலிவு செட்டில் உண்மையான குறை ஒன்று உண்டு: கம்பி தடிமன். வளைந்த சாவித்துளையில் 0.6 மில்லிமீட்டர் கம்பி சுவரில் உரசிக்கொண்டே போகும், 0.4 அல்லது 0.5 இருந்தால் நல்லது. நீங்கள் மெக்கானிக், தேய்த்துக்கொள்ள முடியும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் விறைப்புப் போய்விடும். பழைய கார் வைப்பர் ரப்பரில் இருக்கும் எஃகுப் பட்டையை வளைத்தால் கடையில் கிடைப்பதைவிட நல்ல டென்ஷன் கம்பி ஆகும்.

மூன்று வாரம் ஆயிற்றே என்று சோர்ந்துபோக வேண்டாம். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்குப் போன அமெரிக்கர் ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்த, சப் (Chubb) என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அதே மனிதர், திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கில நாணயம்) பரிசு என்று அறிவித்திருந்த பிராமா (Bramah) நிறுவனத்தின் பூட்டின் முன்னால் 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்துதான் அதைத் திறந்தார்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். நம் மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் வீடு உடைக்கும் கருவிகளை வைத்திருப்பது குற்றம். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் பெட்டியில் அந்த செட் இருந்து, ரோடு பிளாக்கில் பிடித்தால், "ஹோபி, துவான்" (பொழுதுபோக்குதான், ஐயா) என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம். வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நோண்டாமல் கூடத்து மேசையில், எல்லாரும் பார்க்கப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து கூப்பிட்டாலும் போக வேண்டாம், சாவிக்கடைக்கு அனுப்புங்கள். அந்தக் கண்ணாடிப் பூட்டை அம்மா கையில் கொடுத்து, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் பாதிப் பயம் தெளியும்.

மிச்சக் காசில் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிவிடுங்கள். மூன்று வாரம் நோண்டிய பூட்டில் ஸ்பிரிங் நைந்திருக்கலாம், அதை நம்பி வீட்டை விடக்கூடாது. பழையதை மேசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புதியது நம் ஊர் ஈரத்தில் கொஞ்ச நாளில் இறுகும். அப்போது சமையல் எண்ணெய் விடாமல், பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை போட்டு எடுங்கள். சாவி இரண்டும் அம்மாவிடமே இருக்கட்டும்.