பழைய வங்கியின் பெயரில் புது நிறுவனம்: பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஐடி வேலை. கம்பெனி கொடுத்த பங்குகள் ஓரளவு சேர்ந்திருக்கின்றன. ராபர்ட்சன் ஸ்டீஃபன்ஸ் நிறுவனத்திடம் நிர்வகிக்கக் கொடுக்கலாம் என்கிறார் மைத்துனர். 2002இல் மூடிய வங்கி அல்லவா அது? மறுபடி மூடினால் என் பணம் என்ன ஆகும்?

பதில்: மூடியது உண்மை. ஆனால் மூடிய விதம் தெரிந்தால் உங்கள் பயம் வேறு பக்கம் திரும்பும்.

1978இல் சான்பிரான்சிஸ்கோவில் சாண்டி ராபர்ட்சன் தொடங்கிய சிறிய முதலீட்டு வங்கி அது. தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுவருவதுதான் பிழைப்பு. 1995இல் அனிமேஷன் கம்பெனியான பிக்சாரின் ஐபிஓவை, அதாவது முதல் பங்கு வெளியீட்டை, நடத்தியவர்கள் இவர்களே. 1997இல் பேங்க்அமெரிக்கா 54 கோடி டாலருக்கு வாங்கியது. மறுவருடமே பேங்க்அமெரிக்கா நேஷன்ஸ்பேங்கோடு இணைந்தது. அங்கே ஏற்கெனவே மாண்ட்கோமரி என்ற போட்டி வங்கி இருந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி! ராபர்ட்சன் ஸ்டீஃபன்ஸ் பேங்க்பாஸ்டனுக்குக் கைமாறி, 1999இல் அதுவும் ஃப்ளீட்டோடு இணைய, ஃப்ளீட்பாஸ்டன் வசம் போனது. இணையக் கம்பெனிப் பங்குகள் மீதிருந்த டாட்காம் மோகம் தணிந்து ஐபிஓக்கள் நின்றதும் வருமானம் வறண்டது. விற்கப் பார்த்து முடியாமல், 2002 ஜூலையில் ஃப்ளீட் அதை இழுத்து மூடியது. முதலாளி கடையைச் சாத்தினார், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது அதற்கு முன்பு நடந்ததைப் பற்றி. கிராக்கியான ஐபிஓ பங்குகளைச் சில வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கி, அவர்களுடைய லாபத்தில் ஒரு பங்கைக் கொழுத்த கமிஷனாகத் திரும்ப வாங்கினார்கள் என்பது அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியின் குற்றச்சாட்டு. 2003 ஜனவரியில் 2.8 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

இன்று அந்தப் பெயரில் இருப்பது செல்வ மேலாண்மை நிறுவனம், தொழிலே வேறு. பழைய புகழையும் பழியையும் இதன் கணக்கில் எழுதாதீர்கள். எந்த ஆலோசகரிடம் போனாலும் பார்ப்பதை இங்கேயும் பாருங்கள். எஸ்இசி தளத்தில், ஆலோசனை நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாக்கல் செய்யும் ஃபார்ம் ஏடிவி இலவசமாகக் கிடைக்கும். அதன் 2ஏ பகுதியில் 5ஆவது தலைப்பு கட்டணம், 9ஆவது ஒழுங்கு நடவடிக்கைகள். 1% என்பது கேட்கச் சின்னதுதான். 10 லட்சம் டாலருக்கு வருடம் 10,000 டாலர்.

பங்குகள் தனி கஸ்டோடியனிடம் (சொத்தைப் பாதுகாத்து வைக்கும் நிறுவனத்திடம்) உங்கள் பெயரில் இருந்தால், ஆலோசனை நிறுவனம் மூடினாலும் அவை உங்களுடையவை. கஸ்டோடியனாக இருக்கும் புரோக்கர் நிறுவனமே விழுந்து உங்கள் பங்குகள் காணாமல் போனால், முதலீட்டாளர் பாதுகாப்பு அமைப்பான எஸ்ஐபிசி 5 லட்சம் டாலர் வரை ஈடுசெய்யும். அதில் ரொக்கத்துக்கு வரம்பு 2.5 லட்சம். சந்தை இறங்கி வரும் நஷ்டத்துக்கு இது கிடையாது.

அப்புறம், ஆள் பிடித்துத் தருபவர்களுக்கு அந்த நிறுவனம் பணம் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். மைத்துனரிடம் நேரே கேட்கச் சங்கடமாக இருந்தால், அதே 2ஏ பகுதியில் 14ஆவது தலைப்பு.