முதலில் போய் ஓரமாக நின்று பார்

கணவரின் வேலை விசாவோடு வரும் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது, ஊரில் மூன்று வருட பி.எஸ்சி. உளவியல் 62 சதவீதத்தோடு முடித்தேன், இங்கே ஆக்குபேஷனல் தெரபி (முடியாதவர் தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மாஸ்டர்ஸ் படிக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நானும் நீ என்றே எழுதுகிறேன்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்தப் பள்ளிக்கும் (இங்கே கல்லூரியையும் பள்ளி என்றுதான் சொல்வார்கள்) பணம் கட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் ஏதாவது ரீஹாப் சென்டரில் (பக்கவாதம், விபத்து மாதிரி வந்தவர்களுக்குப் பயிற்சி தரும் இடம்) அனுமதி வாங்கிக்கொண்டு நாலு நாள் ஓரமாக நின்று பார். விண்ணப்பத்துக்கு இந்த 'அப்சர்வேஷன்' மணிக்கணக்கு தேவைப்படும் என்பதற்காகச் சொல்லவில்லை. சில பள்ளிகள் 40 மணி நேரம் கேட்கும், சில கேட்கவே கேட்காது. உனக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரிய வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

நான் போன இரண்டாவது நாள், பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன பெரியவர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தெரபிஸ்ட் சட்டையை அவர் மடியில் விரித்து வைத்தார். வராத கைதான் முதலில் உள்ளே போக வேண்டும். வலது கையால் இடது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்து, துணியை முழங்கை தாண்டித் தோள் வரை இழுத்து, அப்புறம் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கை. கழற்றும்போது அப்படியே தலைகீழ். பொத்தான் வரைக்கும் வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கோ கை பரபரத்தது, போய்ப் போட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை. தெரபிஸ்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்கு வீட்டில் இதை அவர்தானே போட வேண்டும்?" என்று பிறகு கேட்டார்.

ஆக்குபேஷன் என்றதும் உத்தியோகம் என்று நினைத்து, வேலை வாங்கித் தருகிற படிப்பா என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. பல் தேய்ப்பதிலிருந்து சமையல், பேருந்து ஏறுவது, பிள்ளைகள் பென்சில் பிடிப்பது வரை, ஒருவர் தன் நாளைக் கழிக்கச் செய்கிற எல்லாக் காரியமும் இதில் அடக்கம். பிசியோ கால்களை நடக்கவைத்தால், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) அந்த மனிதர் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதைப் பார்க்கும். எல்லைக்கோடு இவ்வளவு நேராக இருக்காதுதான், இப்போதைக்கு இது போதும்.

முதல் வருடம் நான்கு பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டேன், நான்கிலும் இடம் இல்லை. விண்ணப்பத்தோடு வைத்த என் கட்டுரை பாட்டியின் நோயில் தொடங்கி, 'பிறருக்கு உதவுவதே என் கனவு' என்று முடிந்தது. பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள் என்று அப்போது தெரியாது. அடுத்த வருடம் அந்தச் சட்டையை எழுதினேன். என் கை பரபரத்ததையும் எழுதினேன். இரண்டு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

இனி காகித வேலை. பெரும்பாலான பள்ளிகள் ஓடிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாகத்தான் எடுக்கும். பள்ளிக்கு ஏகோட் (ஓ.டி. படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார். அது இல்லாத இடத்தில் படித்தால் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது, தேர்வு இல்லாமல் உரிமம் கிடையாது. மாஸ்டர்ஸ் போதுமா, டாக்டரேட் வேண்டுமா என்று உன்னைக் குழப்புவார்கள். 2027 முதல் டாக்டரேட்தான் என்று ஒரு முடிவு 2017-ல் வந்தது, பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். மாஸ்டர்ஸே போதும். டாக்டரேட்டுக்குக் கூடுதல் காலமும் கூடுதல் கட்டணமும் போகும், முதல் வேலையில் இரண்டு பேரும் ஒரே நோயாளியைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வருடப் பட்டம்தான் உனக்கு உள்ள பெரிய முட்டுக்கட்டை. சில பள்ளிகள் ஏற்கும், சில நான்கு வருடத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். மாதிரி நிறுவனத்தில் மதிப்பீடு வாங்கி, அதோடு ஒவ்வொரு பள்ளிக்கும் மெயில் போட்டுக் கேள். போனில் கேட்காதே, எழுத்தில் பதில் வேண்டும். 62 சதவீதம்தான் என்று கூச்சப்படாதே, நம் முதல் வகுப்பை அவர்கள் கணக்குக்கு மாற்றும்போது அவ்வளவு மோசமாக வராது. அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பருவம், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், அசாதாரண உளவியல் எல்லாம் பெரும்பாலும் கேட்பார்கள். இல்லாததைக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) எடு, செலவு குறைவு. எச்-4-ல் இருந்துகொண்டே படிக்கலாம். அனாட்டமியை மட்டும் மற்ற பாடங்களோடு சேர்த்து எடுக்காதே, எலும்பின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு வகுப்பு எடுத்திருந்தாலும் அதன் டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பட்டியல்) ஓடிகாஸுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கோடை வகுப்பை நான் மறந்ததில் விண்ணப்பம் வாரக்கணக்கில் நின்றுவிட்டது.

சேர்ந்த பிறகு ஒரு சின்னத் தொல்லை. மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் காசநோய்ச் சோதனை உண்டு. தோளில் பி.சி.ஜி. தழும்பு உள்ள நம்மில் பலருக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை வீங்கிக்கொள்ளும், அப்புறம் எக்ஸ்ரே என்று அலைச்சல். இரத்தச் சோதனை எடுத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கேள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

விசாவில் ஒன்று மட்டும் கவனம். எச்-4-ல் படித்து முடிக்கலாம், ஆனால் வேலை அனுமதி தானாக வராது. படித்த கையோடு ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியில் ஒரு வருடம் வேலை செய்ய எஃப்-1 மாணவர் விசா வேண்டும். எப்போது மாறுவது என்று சேர்ந்த வாரமே பள்ளியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேள், கடைசிப் பருவத்தில் போய் நிற்காதே. அரசின் கல்விக் கடன் நமக்குக் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடு.

ரீஹாப் சென்டருக்குப் போன் செய்யும்போது ரீஹாப் டைரக்டரையே கேள், வரவேற்பில் பாதி நேரம் தெரியாது என்பார்கள். பாக்கெட் உள்ள முழுக் கால்சட்டை, மூடிய ஷூ, ஒரு சின்ன நோட்டு. தேதி, நேரம், தெரபிஸ்ட் கையெழுத்து மூன்றையும் அன்றன்றே வாங்கிவிடு. நான் 'கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டேன். அதற்குள் அந்தத் தெரபிஸ்ட் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார்.