தவளையை மிதக்க விட்ட ஆராய்ச்சி வெறும் வேடிக்கையா?

"காந்தத்தை வைத்துத் தவளையை மிதக்க விட்டார்களாம், இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று அறிவியல் செய்திகளைக் கிண்டல் செய்வது சரியா எனக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் தலைப்போடு நிறுத்திவிட்டால் அருமையான இயற்பியல் ஒன்று கைநழுவிப் போகும்.

காந்தம் தண்ணீரை மிக மிக லேசாக விலக்கும். சாதாரணக் காந்தத்தில் இது கண்ணுக்கே தெரியாது. 1997இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் சுமார் 16 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்குக் காந்தப்புலத்தை உண்டாக்கினார்கள். தவளையின் உடலில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அந்த விலக்கு விசை அதன் எடையைச் சமன் செய்தது. விசை ஒரே இடத்தில் தாங்காமல் உடல் முழுவதும் பரவித் தாங்கியதால், கிட்டத்தட்ட எடையற்ற நிலை கிடைத்தது. தவளைக்கு ஒரு கேடும் இல்லை.

இதற்காக இயற்பியலாளர்கள் ஆந்த்ரே கெய்மும் மைக்கேல் பெர்ரியும் 2000இல் இக் நோபல் பரிசு பெற்றார்கள். 1991 முதல் வழங்கப்படும் இந்தப் பரிசு, முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கானது. அதே கெய்ம், ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீன் பற்றிய ஆய்வுக்காக 2010இல் கான்ஸ்டான்டின் நோவோசெலோவுடன் சேர்ந்து நோபல் பரிசே வாங்கினார். அந்தக் கிராஃபீனை அவர்கள் பிரித்தெடுத்தது, பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் மீது ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்துத்தான்!