பென்சிவும் தாட்ஃபுல்லும் ஒன்றா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருவரின் கேள்வி: ‘மகள் தமிழ் மீடியத்தில் படித்த நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான கடிதத்தில் தன்னைத் தாட்ஃபுல் (thoughtful) ஆனவள் என்று எழுதியிருந்தாள். ஏஜென்ட் அதை அடித்துவிட்டு பென்சிவ் (pensive) என்று போட்டார். அர்த்தம் ஒன்றுதானாம், இது கனமான வார்த்தையாம். விட்டுவிடலாமா?’

விடாதீர்கள் அம்மா. மகள் எழுதியதுதான் சரி. பென்சிவ் என்றால் எதையோ நினைத்து முகம் வாடி உட்கார்ந்திருப்பது. எடைபோடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை. ஊசி போட வருகிறவள் அப்படி நின்றால் நோயாளிதான் பயப்படுவார்.

தாட்ஃபுல்லில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ‘அவள் தாட்ஃபுல்லாக ஜன்னலைப் பார்த்தாள்’ என்றால் யோசனையில் இருக்கிறாள். ‘தாட்ஃபுல்லான பெண்’ என்று குணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அது யோசனையைக் குறிப்பதே இல்லை. பிறர் கேட்கும் முன்பே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவள். ஒரே சொல்தான், அந்த நேரத்து முகத்துக்கு ஒன்று, குணத்துக்கு வேறொன்று. உங்கள் மகள் எழுதியது குணத்தை. நமக்கு இது புதிதா? நாம் ஆலோசனை கேட்கப் போவோம். பக்கத்து வீட்டு மலையாளிக்கு ஆலோசனை என்றால் வெறும் யோசனை.

யோசிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு. ரூமினேட் (ruminate) என்பது மாடு அசைபோடுவது, ப்ரூட் (brood) என்பது கோழி அடைகாப்பது. உங்கள் சித்தூர்ப் பக்கம் இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனால் நாம் இனிய நினைவைத்தான் அசைபோடுவோம். ஆங்கிலத்தில் டாக்டர் ரூமினேட் என்று சொன்னால் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லுவது. ப்ரூடிங்கில் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளும். கன்டெம்ப்ளேட்டிவ் (contemplative) என்பது அமைதியாக ஆழ்ந்து யோசிப்பது, தொந்தரவில்லை.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘ஆழ்ந்த சிந்தனை’ என்று ஒரே அர்த்தம் போட்ட ஜெராக்ஸ் பட்டியலைக் கோச்சிங் சென்டர்கள் காசுக்கு விற்கின்றன. பரீட்சையும் அதற்குத் துணை: நான்கு விடை, ஒரு வட்டம். பென்சிவுக்குத் தாட்ஃபுல்லை வட்டமிட்டால் மார்க் உண்டு, வேறு வழியில்லை, பிள்ளைகள் இட்டுவிட்டு வரட்டும். வாக்கியத்தில் வைத்துக் கேட்டால் திருத்த ஆள் வேண்டுமே!

அந்த ஏஜென்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா? பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். கடிதம் திருத்தக் கூலி, சான்றிதழுக்குக் கூலி என்று நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கேரள அரசு நிறுவனங்களான நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும் நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன, அங்கே விசாரியுங்கள்.

கடிதத்தில் தாட்ஃபுல் என்ற சொல்லோடு, இரவு ஷிஃப்டில் ஒரு நோயாளிக்கு மகள் செய்ததை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அது அவளுடைய இங்கிலீஷிலேயே இருக்கட்டும், ஏஜென்ட் கை வைக்க வேண்டாம்.