வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான். கைக்குழந்தையோ பால்வாடிப் பிள்ளையோ வைத்திருக்கும் இளம் அம்மா, அப்பாக்கள். முதல்முறையாகச் சம்பள வேலை கிடைத்திருக்கிறது. போனால் இப்போது வந்துகொண்டிருக்கும் பணம் நின்றுவிடுமே என்ற தயக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். கணக்குப் போடாமல் பதில் சொல்ல வராது. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 24 வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. விதவை ஓய்வூதியம் 1,200 ரூபாயும், நான்கு வயது மகனுக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் 4,000 ரூபாயும் மாதாமாதம் வருகின்றன. இப்போது ஒரு கம்பெனியில் 14,500 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. "வர்றதையும் கெடுத்துக்காதே" என்கிறார் மாமியார். போகலாமா?
*வாசகி, வியாசர்பாடி*

போங்கள். ஆனால் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மகனுக்கு வரும் 4,000 ரூபாய் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் ஆதரவுத் தொகை. நகரத்தில் இருப்பவர்களுக்கு அதன் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 96,000 ரூபாய், அதாவது மாதம் 8,000. உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 1,74,000 ஆகிறது. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஓய்வூதியத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்ற சொல் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதில் நீடிக்க முடியாது. ஆக, 5,200 ரூபாய் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சம்பளம். 14,500 முழுவதுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால் 12 சதவீதம், 1,740 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 109 ரூபாய். கையில் வருவது 12,651. சென்னையில் இதோடு தொழில் வரி ஒன்றும் உண்டு. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டுகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,250 ரூபாய். அந்த மாதம் சம்பளம் குறைந்ததே என்று பதறவேண்டாம்.

12,651-இல் 5,200 போனால் 7,451 ரூபாய் மிச்சம். வேலைக்குப் போவதால் உங்களுக்கு உண்மையில் கூடுவது இதுதான், 14,500 அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மாமியாரே பேரனைப் பார்த்துக்கொள்வார் என்றால் கணக்கு நன்றாகவே நிற்கிறது. ஆயாவுக்கு மாதம் 5,000 கொடுக்க வேண்டும் என்றால் இறுக்கம்தான். அப்போதும் போகத்தான் சொல்வேன். பிடித்த 1,740 உங்கள் பெயரில்தான் சேர்கிறது, கம்பெனியும் தன் பங்குக்கு 12 சதவீதம் போடுகிறது. இ.எஸ்.ஐ. இருப்பதால் உங்களுக்கும் மகனுக்கும் கே.கே.நகரிலோ அயனாவரத்திலோ உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். 5,200 ரூபாய்க்குள் இவற்றில் எதுவும் இல்லை.

வேலையை மறைக்காதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் ஆதாரோடு இணைந்தவை, இன்று இல்லாவிட்டால் நாளை தெரியும். தாசில்தார் அலுவலகத்துக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஓய்வூதிய ஆணை மூன்றுக்கும் நகல் எடுத்து ஒரே கவரில் போடுங்கள். நாளைக்கே வேலை போனால் மறுபடி மனு செய்ய அந்தக் கவர் வேண்டும்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, இந்த மாதிரி ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு அது கிடையாது என்று வைத்திருந்தார்கள். உங்கள் ஓய்வூதியம் நின்றுவிட்டால் அந்தத் தடை உங்களுக்கு இருக்காது. அதன் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம், நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். விண்ணப்பம் வாங்கும்போது விட்டுவிடாதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டதாரிக்கான உதவித்தொகை மாதம் 600 ரூபாய் வாங்குகிறேன். ஒரு வயதில் பெண் குழந்தை. தனியார் வேலைக்குப் போனால் பதிவு ரத்தாகிவிடுமா?
*வாசகர், பெரம்பூர்*

பதிவு ரத்தாகாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருங்கள். உதவித்தொகைதான் நிற்கும். வேலை இல்லை என்று வருஷாவருஷம் சுய உறுதிமொழி கொடுத்துத்தானே வாங்குகிறீர்கள், வேலைக்குப் போனபின் அந்தக் கையெழுத்தைப் போடக்கூடாது. சாந்தோம் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் முடிந்தது.

600 ரூபாய்க்காக யோசிக்கும்போது 15,000 ரூபாயைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதல்முறையாக பி.எஃப். உள்ள வேலையில் சேர்பவர்களுக்கு, ஒரு மாத பி.எஃப். சம்பளம் அளவுக்கு, அதிகபட்சம் 15,000 ரூபாய், மத்திய அரசு ஊக்கத்தொகையாகத் தருகிறது. விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்று பெயர். மாதச் சம்பளம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்தபின் ஒரு தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, அவர்கள் வைக்கும் நிதிப் பாடத்தையும் முடித்தால் இன்னொரு தவணை. இரண்டாவதில் ஒரு பகுதியைச் சேமிப்பில் வைத்துவிடுவார்கள். பி.எஃப். எண்ணை உமாங் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்க வேண்டும், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கும் வேண்டும். உங்கள் கம்பெனி இந்தத் திட்டத்தில் வருகிறதா என்று சேரும் அன்றே கேளுங்கள்.

நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில் ஒன்பது மாதம் பி.எஃப். என்று பிடித்தார்கள், எண் மட்டும் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. கேட்கக் கூச்சப்பட்டேன். அந்தப் பணம் போனது போனதுதான். நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

நான் ஹோட்டல் வேலை, மாதம் 12,000. மனைவிக்கு ஓ.எம்.ஆரில் ஹவுஸ்கீப்பிங் வேலை, 9,500. இரண்டையும் கூட்டினால் மகளிர் உரிமைத் தொகைக்கான வரம்பை, வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தை, தாண்டுகிறது. அவர் சம்பளத்தில் கொஞ்சத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் தரச் சொல்லலாமா? சூப்பர்வைசர் சரி என்கிறார்.
*வாசகர், கண்ணகி நகர்*

தம்பி, சூப்பர்வைசர் சரி என்று ஏன் சொல்கிறார் என்று யோசித்தீர்களா? கணக்கில் வராத ஒவ்வொரு ரூபாய்க்கும் கம்பெனிக்கு பி.எஃப். பங்கு மிச்சம், 3.25 சதவீத இ.எஸ்.ஐ. பங்கும் மிச்சம். லாபம் யாருக்கு?

இருவர் சம்பளமும் சேர்ந்து வருஷத்துக்கு 2,58,000. வரம்பைத் தாண்டியது 8,000 ரூபாய்தான், வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உரிமைத் தொகை போனால் வருஷத்துக்குப் போவது 12,000. மனைவி கொண்டுவருவது 1,14,000. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் குறைத்துக் காட்டினால், நாளைக்கு அவருக்குப் பிரசவ விடுப்புச் சம்பளமோ, உடம்பு சரியில்லாத நாளின் உதவியோ, எல்லாமே அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான் வரும்.

ரேஷனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி உண்டு. சம்பளம் கூடியதால் அரிசி நிற்காது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் சம்பளம் மட்டுமே வருஷத்துக்கு 1,44,000, மனைவியின் சம்பளம் சேரும் முன்பே அதைத் தாண்டிவிட்டீர்கள். அதனால்தான் இ.எஸ்.ஐ. அட்டையில் குழந்தைகளின் பெயரை முதல் வாரத்திலேயே சேர்க்கச் சொல்கிறேன்.

ஜூன் முதல் வாரம் வேலையில் சேர்ந்தேன், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இது இரண்டாவது குழந்தை, சித்திரையில் பிரசவம். புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒன்றும் கிடைக்காது, நீயே ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார்கள்.
*வாசகி, தண்டையார்பேட்டை*

எழுதிக் கொடுக்காதீர்கள். இந்த வரியைப் படித்ததும் மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு உதவிக்குத் தேவை 70 நாள் சந்தா. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தாலே 70 நாள் தாண்டிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் முடிந்தபின்தான் பண உதவிக் காலம் தொடங்குகிறது. உங்களுக்கு அது மார்ச் முதல் வாரம். சித்திரைப் பிரசவம் அதற்குள் வந்துவிடுகிறது. இரண்டாவது குழந்தை என்பதால் 26 வாரம், சராசரி தினச் சம்பளம் முழுவதும் கிடைக்கும். 1961-ஆம் வருஷச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-இல்தான் 26 ஆக்கினார்கள். மூன்றாவது குழந்தை என்றால் இப்போதும் 12 வாரம்தான். இந்தப் பணத்தைத் தருவது கம்பெனி அல்ல, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். "எங்களால் ஆறு மாதச் சம்பளம் கொடுக்க முடியாது" என்று மேனேஜர் சொன்னால், அவர் கையிலிருந்து ஒரு பைசாவும் போகவில்லை என்று பணிவாகவே சொல்லுங்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டப்படி குற்றம்.

ஒருவேளை பிரசவம் முன்கூட்டியே, மார்ச் தொடங்குமுன் நடந்துவிட்டால் தேதிக் கணக்கு மாறும். அதனால் டாக்டர் குறித்த தேதியோடு இப்போதே கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து 'பிக்மி' எண் வாங்கினீர்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துக்கு அந்த எண் வேண்டும். ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கானது. உங்கள் வருமானத்துக்குப் பொருந்துமா என்று நகர சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பால்வாடி பிற்பகலிலேயே விட்டுவிடுகிறார்கள். என் ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிகிறது. இடைப்பட்ட நேரத்துக்கு என்ன செய்வது?
*வாசகி, சைதாப்பேட்டை*

இதுதான் உண்மையான கேள்வி. உதவித்தொகை நின்றதால் வேலையை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலு மணிக்குப் பிள்ளையை யார் கூட்டிவருவது என்று தெரியாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும். இது 2017 திருத்தத்தில் வந்த விதி. உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சின்னப் பிள்ளை உள்ள நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்பவளைத்தான் "பிரச்சனை பண்றவ" என்பார்கள்.

அங்கன்வாடியோடு சேர்ந்த முழுநேரக் காப்பகங்களுக்கு 'பால்னா' என்று ஒரு திட்டம் உண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கானது. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று அங்கன்வாடி டீச்சரையே கேட்கலாம். இல்லையென்றால் பக்கத்துத் தெரு அக்காதான். அவருக்குக் கொடுக்கும் பணத்தைச் சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள், அது இழுபறியானால் உங்கள் வேலையும் இழுபறிதான்.

பிள்ளை ஒன்றாம் வகுப்பு போனதும் காலை நேரம் கொஞ்சம் இலகுவாகும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து மாநிலம் முழுக்க வந்துவிட்டது. காலையில் டிபன் கட்டும் வேலை மிச்சம்.

கணவரைப் பிரிந்து இருக்கிறேன். நான் வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?
*வாசகி, கொளத்தூர்*

வேலைக்குப் போகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக மனைவியின் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் சம்பளத்தைப் பார்த்துத் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். குழந்தைக்கான பங்கு தனி. நீங்கள் சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு தீராது. சம்பளச் சீட்டை மறைக்காமல் வக்கீலிடம் கொடுங்கள்.

பத்தாம் தேதி வேலையில் சேர்கிறேன். முதல் சம்பளம் வரும்வரை கையில் காசில்லை. தண்டல்காரர் தருகிறேன் என்கிறார்.
*வாசகர், எண்ணூர்*

பத்தாம் தேதி சேர்ந்தால் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும், அதுவும் சேர்ந்த நாளிலிருந்து எண்ணிய நாட்களுக்கு மட்டும். நான்கு வாரத்தை எப்படியாவது தள்ள வேண்டும். முதலில் கம்பெனியில் அட்வான்ஸ் கேளுங்கள். வீட்டில் யாராவது சுய உதவிக் குழுவில் இருந்தால் அங்கே உள்கடன் உண்டு. ஒரு கிராம் நகை இருந்தாலும் கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பது தண்டலைவிட மேல். தண்டலில் நூற்றுக்குப் பத்தை எடுத்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார்கள், மறுநாளிலிருந்தே வசூல். உங்கள் சம்பளம் வருவதோ மாதம் ஒருமுறை. தினமும் கட்ட எங்கே போவீர்கள்?

உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால், வெள்ளை போர்டு பஸ்ஸிலேயே போய்வர முடிந்தால் அவருக்கு டிக்கெட் இல்லை, அந்தச் செலவு மிச்சம். உங்களுக்கு மட்டும் மாத பாஸ் எடுங்கள். சேரும் முன் "யூனிஃபார்முக்கு", "டெபாசிட்டுக்கு" என்று யாராவது பணம் கேட்டால், இவ்வளவு நேரம் நான் போட்ட கணக்கையெல்லாம் மறந்துவிட்டு வேறு வேலை தேடுங்கள்.